ஆனம்மாவைத் தேடிப் போன மூன்று நாள்

முதல் நாள் காலை ஒன்பது மணிக்குக் கடலூர் முதுநகரில் அந்தக் கல்லறைத் தோட்டத்து இரும்புக் கேட்டின் முன்னால் நின்றது நாங்கள் நான்கு பேர்: டென்மார்க்கிலிருந்து வந்த கிர்ஸ்டன் அம்மா, என் அப்பா தேவராஜ், ஆம்னி வேனை ஓட்டிவந்த அம்மாவின் தம்பி சேகர் மாமா, நான். வந்திருக்க வேண்டிய மூன்று பேர் வரவில்லை. எங்கள் போதகருக்குத் திருச்சியில் ஏதோ கூட்டம். என் அம்மாவுக்கு முட்டி வீக்கம். வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டு மறுபடி இறங்கி வீட்டுக்குள் போய்விட்டாள். மூன்றாவது ஆள் நீல்ஸ், கிர்ஸ்டனின் அண்ணன். இந்தப் பயணமே அவருடையதுதான். டிக்கெட் போட்ட பிறகு வயிற்றில் புற்று என்று தெரிந்தது. இனி வைத்தியம் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அவருடைய ஊர் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்கள்.

அவர் தங்கையிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கொள்ளுப்பாட்டி ஆனேயின் கல்லறைப் பக்கத்தில் நின்று போன் போட வேண்டும். கர்த்தருடைய ஜெபத்தை அங்கிருந்து அவரும் இங்கிருந்து இவரும் சேர்ந்து சொல்ல வேண்டும். ஒரு வாரம் தாண்டினால் பெரிய விஷயம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கிர்ஸ்டன் மூன்று நாள் கணக்குப் போட்டு வந்திருந்தார்.

ஆனே நூறு வருடத்துக்கும் முன்னால் பெற்ற பிள்ளைகளை ஊரில் தாயிடம் விட்டுவிட்டு, மிஷன் வேலைக்காகப் புருஷனோடு கடலூர் வந்து இங்கேயே இறந்தவர். எங்கள் குடும்பத்துக்கு அவர் ஆனம்மா. பஞ்சத்தில் அப்பன் ஆத்தாளைப் பறிகொடுத்த ஒரு சிறுமியை அவர் எடுத்து வளர்த்தார். அந்தச் சிறுமிதான் அப்பாவின் கொள்ளுப்பாட்டி மரியாள். எங்களுக்கு ஞானஸ்நானம், பெயர், சபை எல்லாம் அந்த வழியில் வந்தது. வருடா வருடம் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் ஆனம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் வீட்டு வேலை. மரியாள் அடித்தார், அவர் பெண் அடித்தார், பிறகு பேத்தி, இப்போது அப்பா. அவர்களில் யாரும் பள்ளிக்கூடம் போனதில்லை. முதலில் போனவன் நான். கடலூரில் பி.காம். முடித்து, அம்பத்தூரில் இன்சூரன்ஸ் பாரம் டைப் அடிக்கும் வேலையில் இருக்கிறேன். கொள்ளுப்பாட்டியைப் பற்றி எங்கள் சபைக்கு எழுதிக் கேட்ட நீல்ஸுக்கு இங்கிலீஷில் பதில் மெயில் எழுதியவனும் நான்தான். ‘உங்கள் கொள்ளுப்பாட்டியின் கல்லறை எங்கள் கையில் பத்திரமாக இருக்கிறது. நான்கு தலைமுறையாக நாங்கள் அதை வெள்ளையாக வைத்திருக்கிறோம்.’ அந்த இரண்டு வரிக்காகத்தான் இந்த அம்மா ஏழாயிரம் சொச்சம் கிலோமீட்டர் தாண்டி வந்து நிற்கிறார்.

கிர்ஸ்டனுக்கு அறுபத்தாறு வயது. முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இதைக் கேட்டதிலிருந்து சேகர் மாமா கியர் போடும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். வேனில் ஏறியதும் கிர்ஸ்டன் ஆளுக்கொரு கறுப்பு மிட்டாய் கொடுத்தார். அது உப்புக் கரித்தது.

“இன்னாடா சாமு இது, பேட்டரிய நக்குன மாதிரி இருக்கு?” என்றார் மாமா.

“அவுங்க ஊரு மிட்டாய் மாமா. துப்பாதீங்க, பாக்குறாங்க.”

“முழுங்கிட்டேன்டா. வேற வழி?”

தோட்டத்துக்குள் நெருஞ்சி மண்டிக் கிடந்தது. நடுவில் எங்கள் கல்லறை மட்டும் முட்டை ஓடு மாதிரி பளிச்சென்று இருந்தது. இரண்டு நாள் முன்பே அப்பா ஒரு கோட் அடித்து, சாமந்தி மாலை வாங்கிப் போட்டிருந்தார். கிர்ஸ்டன் நின்று பார்த்தார். அவர் பெரிய விசுவாசி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கோயிலுக்குப் போவது கிறிஸ்துமஸுக்கு மட்டும். ஆனாலும் அவர் கண் கலங்கியது.

“எங்கள் ஊரில் கல்லறை வாடகைக்குத்தான்” என்றார். “இருபது, இருபத்தைந்து வருடம். குடும்பம் புதுப்பிக்காவிட்டால் கல்லைப் பெயர்த்து எடுத்துவிடுவார்கள். என் தாத்தா பாட்டியின் கல் போய்விட்டது. அவர்களுக்கு முந்தியவர்களுடையதும் போய்விட்டது. நீல்ஸ் கல்லறைத் தோட்டத்துப் பராமரிப்பாளர். முப்பது வருடம் அடுத்தவர் கற்களைப் பெயர்த்தவன் அவன்தான். எங்கள் வம்சத்தில் இப்போது மிச்சமிருப்பது இது ஒன்றுதான்.”

அப்பாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். “வாடகையா? செத்தவங்களுக்கா?” என்று இரண்டு முறை கேட்டார்.

கிர்ஸ்டன் போனை எடுத்தார். எடுத்தவர் ஒரு நிமிடம் யோசித்து, “முதலில் பெயரைப் பார்க்க முடியுமா? நீல்ஸுக்குப் படம் அனுப்ப வேண்டும். பெயர் இருக்கிற பக்கத்தை எடு என்று சொல்லியிருக்கிறான்” என்றார்.

பெயர் சுண்ணாம்புக்கு உள்ளே இருந்தது. நான்கு தலைமுறைச் சுண்ணாம்பு விரல் கனத்துக்கு ஏறி, தலைமாட்டுக் கல் வெறும் வெள்ளைப் பலகையாகிவிட்டிருந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோதே கல்லில் எழுத்து கண்ணுக்குத் தெரியாது. எனக்கு அதைச் சுரண்டிப் பார்க்கத் தோன்றியதே இல்லை. அது ஆனம்மா கல்லறை. அதில் படிக்க என்ன இருக்கிறது?

“வேணாம் சாமு” என்றார் அப்பா. “அவுங்க மொகத்த சொரண்டுற மாதிரி இருக்கு.”

“ஒரு ஓரமா மட்டும்ப்பா.”

மாமா கடைக்குப் போய் பெயிண்டர்கள் பட்டி பார்க்கிற தகடு ஒன்று அறுபது ரூபாய்க்கு வாங்கி வந்தார். தண்ணீர் ஊற்றி ஊறவைத்துச் சுரண்டினேன். முதலில் அப்பாவின் கோட்டுகள் உரிந்தன. அதற்குக் கீழே நீலம் கலந்த சுண்ணாம்பு. “அது எங்கம்மா அடிச்சது, நீலம் போட்டுத்தான் அடிக்கும்” என்று அப்பா ஆசையாகச் சொன்னார். அதற்கும் கீழே மஞ்சளேறிய, ஓடு மாதிரி இறுகிய பழைய கோட்டுகள். அரை மணி நேரத்தில் கல் தெரிந்தது. மேலே ஒரு நங்கூரம் செதுக்கியிருந்தது. அதற்குக் கீழே இங்கிலீஷ் எழுத்துகள். நான் ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். வில்லியம் என்று ஒரு பெயர். கப்பல் தலைவன். கூட வந்த மாலுமிகள் வைத்த கல்.

கிர்ஸ்டன் குனிந்து தானும் படித்தார். பிறகு பக்கத்துக் கல்லறை மேல் உட்கார்ந்துவிட்டார்.

“இந்தக் கேப்டனை நன்றாகக் கவனித்துக்கொண்டிருக்கிறீர்கள்” என்றார். கிண்டலா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

“இன்னா போட்டிருக்கு?” என்றார் அப்பா. சொன்னேன். அவர் தோள் துண்டை எடுத்து அந்தக் கல்லில் ஒட்டியிருந்த பொடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டார்: “அப்ப எங்கம்மா செத்தப்போ நான் இவருகிட்டயா வந்து அழுதுக்கினு இருந்தேன்?”

கிர்ஸ்டனின் போன் அடித்தது. திரையில் நீல்ஸ். அவர் எடுக்கவில்லை. அடித்து அடித்து நின்றது.

அன்று மத்தியானம் முழுக்க மற்றக் கல்லறைகளைப் பார்த்தோம். எழுத்துள்ள எதிலும் ஆனே இல்லை. சாயந்திரம் போதகருக்குப் போன் போட்டேன். அந்தக் காலத்து மிஷன் உபதேசியார் ஒருவர் எழுதிய டைரி சிதம்பரத்தில் அவருடைய கொள்ளுப்பேரன் ஞானமுத்துவிடம் இருக்கிறது, மேல வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார் என்று அவர் சொன்னார்.

இரண்டாம் நாள் காலை சிதம்பரத்துக்குக் கிளம்பினோம். சிப்காட் கெமிக்கல் கம்பெனிகளைத் தாண்டும்போது வழக்கமான நாற்றம் வேனுக்குள் வந்தது. கிர்ஸ்டன் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, ஆஸ்பத்திரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அப்பா அந்தக் கம்பெனிகளில் ஒன்றில் காண்ட்ராக்டில் மூட்டை தூக்குகிறார். “எங்க சோறு வேவுற வாசனைன்னு சொல்லு” என்றார். சொன்னேன். கிர்ஸ்டன் கைக்குட்டையை எடுத்துவிட்டார். தங்கள் ஊரில் பன்றிப் பண்ணை நாற்றம், அதுவும் சோறுதான் என்றார்.

பி.முட்லூருக்குக் கொஞ்சம் முன்னால் வேன் கனைத்துவிட்டு நின்றது. மாமா இறங்கி பானெட்டைத் திறப்பவர் மாதிரி முன்னால் போனார். ஆம்னிக்கு அங்கே எஞ்சின் இல்லை என்பது அவருக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கிர்ஸ்டன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “கிளட்ச் கேபிள்” என்றார்.

“பின்னாடி உக்காந்துக்கினு எப்படிச் சொல்றாங்க?” என்றார் மாமா.

“நேற்றிலிருந்து அது அழுதுகொண்டிருக்கிறது. சொன்னால் அவருக்கு வருத்தமாக இருக்குமே என்று சும்மா இருந்தேன்” என்றார் கிர்ஸ்டன். மாமாவிடம் இதை அப்படியே சொன்னேன். கிளட்ச் கேபிள்தான் அறுந்திருந்தது. அதற்குப் பிறகு மாமா அவரை ‘டிரைவரம்மா’ என்றே கூப்பிட்டார்.

மாசி வெயில் தார் ரோட்டில் நெளிந்தது. சாலையோரப் புளியமரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றோம். மாமா மெக்கானிக்கைத் தேடி லாரியில் ஏறிப் போனார். அப்பா என்னிடம் நேற்றிலிருந்து பேசாமல் வைத்திருந்ததை அங்கேதான் பேசினார்.

“நான் வேணாம்னு சொன்னேன். பேசாம அங்கயே நின்னு ஜெபம் பண்ணிட்டு, போன் போட்டுட்டுப் போயிருந்தா, சாவுற மனுஷன் சந்தோஷமா போயிருப்பாரு. படிச்சிருக்கேன்னு சொரண்டுன. இப்ப அவுங்களுக்கும் இல்ல, நமக்கும் இல்ல.”

“அது அவுங்க கல்லறையே இல்லப்பா.”

“நேத்து வரைக்கும் இருந்திச்சுல்ல?”

கிர்ஸ்டன் தமிழ் தெரியாமலே எங்கள் சண்டையைப் புரிந்துகொண்டவர் மாதிரி தூரப் போய் நின்று ஓடுகிற பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தார். படியில் தொங்கும் ஆட்களைப் பார்த்து, “என் பஸ்ஸில் ஒருவர் இப்படித் தொங்கினால் என் வேலை போயிருக்கும்” என்றார்.

மாமா திரும்பி வந்தபோது ஒரு மெக்கானிக்கும், பைக்கில் ஜாஃபர் பாய் என்பவரும் கூட வந்தார்கள். பாய்க்குப் பரங்கிப்பேட்டை. மெக்கானிக் கடையில் மாமா புலம்பியதைக் கேட்டு, யாரோ வெளிநாட்டு அம்மா வெயிலில் நிற்கிறார்களாமே என்று பார்க்க வந்திருந்தார்.

“இருவது வருஷம் ஜித்தால இருந்துட்டு வந்தவன் நான். வண்டி நின்னு போயி ரோட்டோரம் உக்காந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்” என்றார். “கேபிள் மாத்த ஒரு மணி நேரம் ஆவும். அதுவரைக்கும் பட்டினியா நிப்பீங்களா? வீட்ல சொல்லிட்டேன், சோறு வருது.”

வந்தது. நெய்ச்சோறும் கோழி ஆணமும், தொட்டுக்கொள்ள மாங்காய்ப் பச்சடியும். ஆணம் என்றால் குழம்பு. அவர்கள் வீட்டுக் குழம்பில் தேங்காய் ஜாஸ்தி. மரத்தடியில் பேப்பர் விரித்துச் சாப்பிட்டோம். கிர்ஸ்டன் ஐந்து விரலையும் விரித்துச் சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் விழுந்தது. பாய் சிரிக்காமல் வேறு பக்கம் பார்த்தார்.

“டேனிஷா? எங்க ஊர்லயும் பழைய காலத்து வெள்ளக்காரன் கல்லறைலாம் கெடக்கு. எவனாச்சும் தேடிக்கினு வந்துக்கினேதான் இருப்பான்” என்றார். “எங்கள்ல கபுருக்கு மேல பேரே எழுத மாட்டாங்க நெறய பேரு. மண்ணுதான். அல்லா கணக்குல இருந்தா போதும்னு விட்ருவோம். நீங்க இந்த வெயில்ல ஒரு பேரத் தேடி அலையிறீங்க.” சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று கிர்ஸ்டனைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவில்லை. கிளம்பும்போது, இந்தக் கரையில் எது வேண்டுமானாலும் போன் போடுங்கள் என்று நம்பர் கொடுத்தார். சோற்றுக்குக் காசு என்று வாயெடுத்த கிர்ஸ்டனைப் பார்த்து, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

சிதம்பரம் போய்ச் சேரும்போது நாலு மணி. ஞானமுத்து கடையில் கல்லூரிப் பையன்கள் புராஜெக்ட் பைண்டிங்குக்காக முண்டிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர் எல்லோரையும் நிறுத்திவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து கனமான தாள்கட்டு ஒன்றை எடுத்து வைத்தார். அதைத் தூக்கி வைத்தபோது அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

“தாள் தூள் தூளா போயிடுச்சு. விடுவேனா? ஒவ்வொரு பக்கமா பிரிச்சு லேமினேஷன் போட்டுட்டேன். இன்னும் நூறு வருஷத்துக்கு கறையான் கிட்ட வராது.”

ஓரங்கள் பொசுங்கியிருந்தன. சில பக்கங்களில் மை சூட்டில் பரவி ஊதாவாகியிருந்தது. டியூப்லைட் வெளிச்சம் பிளாஸ்டிக்கில் பட்டுக் கண் கூசியது. நான் ஒவ்வொரு தகட்டையும் சாய்த்துச் சாய்த்துப் படித்தேன். புள்ளி வைக்காத பழைய எழுத்து. கழுத்து வலித்தது. பையன்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் கிடைத்தது. உபதேசியார் எழுதியிருந்தது இது:

‘கிள்ளைப் பக்கம் மீனவர் குடிசைகளில் வாந்திபேதி. அம்மாள் அவர்கள் மருந்துப் பெட்டியோடு படகில் போனார்கள். ஐந்தாம் நாள் அவர்களுக்கும் கண்டது. மறுநாள் விடியுமுன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். கடலூருக்குக் கொண்டுபோக ஒருவரும் முன்வரவில்லை. கிள்ளைக்குக் கிழக்கே உப்பங்கழி திரும்புமிடத்து மணல்மேட்டில், அந்த இரண்டு நாளில் இறந்த பன்னிரண்டு பேருடன் ஒரே வரிசையில் அடக்கம் செய்தோம். கல் வைக்கவில்லை.’

அடுத்த பத்தியை நான் இரண்டு தடவை படித்தேன். ‘அம்மாளைப் பெற்ற தாயின் மனம் தாங்காது என்பதால், கடலூர்க் கல்லறைத் தோட்டத்தில் நல்ல கல்லின் கீழ் வைத்ததாக அம்மாளின் புருஷரான ஐயர் அவர்கள் தம் தேசத்துக்குக் காகிதம் எழுதினார்கள். அம்மாள் வளர்த்த பிள்ளை மரியாள் மூன்று நாள் அன்னம் தொடாமல் அழுதபடியால், அதே தோட்டத்தில் வெள்ளையாயிருந்த ஒரு கல்லறையைக் காட்டி, அம்மா இங்கேதான் தூங்குகிறார்கள் என்று நானே சொல்லிவைத்தேன். அதன்பின் பிள்ளை சாப்பிட்டாள்.’

கிர்ஸ்டன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்தால் ஏதாவது சொல்லியாக வேண்டும். அந்தக் கடையில் இருந்தவர்களில் இந்தப் பக்கத்தை அவரிடம் கொண்டுசேர்க்கக் கூடியவன் நான் ஒருவன்தான். எதை விட்டாலும் தெரியப்போவதில்லை. ஒன்றையும் விடாமல் சொன்னேன். முதலில் இங்கிலீஷில் அவருக்கு. பிறகு அப்பாவை எழுப்பித் தமிழில் அவருக்கு.

அப்பா, “சாப்புட்டாளாமா?” என்று மட்டும் கேட்டார்.

“சாப்பிட்டாங்கன்னு போட்டிருக்குப்பா.”

ஞானமுத்து காசு வாங்காமல் நாலு காபி சொன்னார். நான் அந்தப் பக்கங்களைப் போனில் படமெடுத்துக்கொண்டேன். ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில் இரண்டு அறை எடுத்தோம். செருப்பைக்கூடக் கழற்றாமல் மாமா தூங்கினார்.

மூன்றாம் நாள் காலை கீழ வீதியில் இட்லியும் கொத்சும் சாப்பிட்டோம். சுட்ட கத்தரிக்காயைப் புளியில் மசித்துச் செய்கிற கொத்சு சிதம்பரத்துக்காரர்களுக்குச் சாம்பாரைவிடப் பெரிது. கிர்ஸ்டன் இட்லியை மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் செய்தி அனுப்பியிருந்தாராம். நீல்ஸ் இரவெல்லாம் விழித்திருந்து, போன் வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

“சாமுவேல்” என்றார். “நான் கல்லறைக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்றுதான் அவனிடம் சொல்லப்போகிறேன். கடலூரில், நல்ல கல்லுக்குப் பக்கத்தில். அவன் உன்னிடமும் பேச வேண்டும் என்பான். உங்கள் குடும்பத்துக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நீயும் அதையே சொல்ல வேண்டும்.”

நான் தண்ணீர் குடித்தேன். சாகிற மனிதரிடம் பொய் சொல்ல எனக்குப் பயம். உண்மையைச் சொல்ல அதைவிடப் பயம். “இன்னா கேக்குறாங்க?” என்றார் அப்பா. சொன்னேன். நேற்று முன்தினம் என்றால் சரி என்று உடனே சொல்லியிருப்பார். இப்போது கையிலிருந்த இட்லியை இலையில் வைத்துவிட்டார்.

“எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல சாமு. ஒரு புள்ள சாப்புடணும்னு ஒரு பொய்யச் சொன்னாங்க. அந்தப் பொய்யிலதான் நம்ம நாலு தலமொற நின்னுச்சு. நல்லதா கெட்டதான்னு நான் எப்படிச் சொல்வேன்? பேசப்போறவன் நீ.”

எப்படியும் அந்த மணல்மேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று கிர்ஸ்டன் சொன்னார். ஜாஃபர் பாய்க்குப் போன் போட்டேன். அவர் கிள்ளையில் தெரிந்த படகுக்காரர் ஒருவரைச் சொன்னார். பெயர் கலியமூர்த்தி. சுற்றுலாப் படகு இல்லை, மீன் பிடிக்கிற படகு. வாடகை ஆயிரத்து இருநூறு. கரையிலேயே அவர் எச்சரித்தார்: “உள்ள போனா உங்க டச் போன்லாம் பொம்மதான். பி.எஸ்.என்.எல். மட்டும் கொஞ்சம் டவர் எடுக்கும்.” எங்களில் பி.எஸ்.என்.எல். அப்பாவிடம் மட்டும்தான், பட்டன் போனில். கடையில் வெளிநாட்டுக்குப் பேசுகிற மாதிரி ஐந்நூறு ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தோம். பூக்காரம்மாவிடம் இருந்த சாமந்தி அத்தனையும் வாங்கினோம், நூற்றைம்பது.

கழி கலங்கலாக, அசையாமல் கிடந்தது. இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர்கள் தண்ணீரில் இறங்கியிருந்தன. முக்கால் மணி நேரம் கோல் போட்டு வந்து, கழி திரும்புகிற இடத்தில் கலியமூர்த்தி நிறுத்தினார்.

“இங்க மேடு இருந்துச்சுன்னு எங்கப்பா சொல்வாரு. எந்தக் காலத்துலயோ தண்ணி தின்னுடுச்சு. சுனாமிக்கு முன்னாடியே இல்ல. மேடு வேணும்னா இதோ இதுதான்.” கோலைத் தண்ணீரில் குத்திக் காட்டினார். இடுப்பளவு ஆழத்தில் மணல் தட்டியது.

இறங்கி நிற்க ஒரு பிடி தரைகூட வெளியே இல்லை. கிர்ஸ்டன் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்தார். பிறகு அப்பாவின் போனை வாங்கி நம்பரை அழுத்தினார். டென்மார்க்கில் அப்போது விடிந்தும் விடியாத நேரம். மணி போனது. ஸ்பீக்கரில் போட்டேன்.

நீல்ஸின் குரல் நான் நினைத்ததைவிடச் சின்னது. அண்ணனும் தங்கையும் தங்கள் மொழியில் பேசினார்கள். கிர்ஸ்டன் உற்சாகமாகப் பேச முயற்சி செய்தது தெரிந்தது. நீல்ஸ் ஏதோ கேட்டார். கிர்ஸ்டன் பதில் சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் என்னைப் பார்த்தார். அவர் மறுபடி கேட்டார். கிர்ஸ்டன் போனை என்னிடம் நீட்டிவிட்டார்.

“கல் எந்தத் திசை பார்க்கிறது என்று கேட்கிறான்” என்றார் மெல்ல. “அவன் தொழில். இதற்கு என்னிடம் பொய் தயாராக இல்லை.”

“சார், நான் சாமுவேல்” என்றேன்.

“சாமுவேல். மெயில் எழுதிய சாமுவேல்” என்றார் இங்கிலீஷில், மூச்சு வாங்கி. “கல் கிழக்கே பார்க்கிறதா?”

“கல் இல்லை சார்.”

நான் சொல்லத் தொடங்கினேன். நான் எழுதிய மெயில் தப்பு என்று சொன்னேன். கேப்டனைச் சொன்னேன், டைரியைச் சொன்னேன், வாந்திபேதியை, ஐந்து நாளை, மணல்மேட்டை. “நாங்கள் இப்போது அந்த இடத்தில்தான் இருக்கிறோம். இது தண்ணீர் சார். மேடு கரைந்துவிட்டது. ஆனால் இடம் இதுதான். அவர் தனியாக இல்லை. மீன்பிடிக்கிற ஜனங்கள் பன்னிரண்டு பேர் கூட இருக்கிறார்கள்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். கிர்ஸ்டன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

“அந்தப் பன்னிரண்டு பேருக்கும் பெயர் இருக்கிறதா?” என்றார் நீல்ஸ்.

“ஒன்பது பேருக்கு இருக்கிறது சார். டைரியில்.”

“சொல். மெதுவாக. முப்பது வருடம் நான் பெயர்களைப் புத்தகத்தில் எழுதியவன். வரிசையாகச் சொல்.”

என் போனில் படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். அஞ்சலை. முத்தையன். குப்பு. குப்புவின் மகன் மாணிக்கம். ஒவ்வொரு பெயரையும் அவர் திருப்பிச் சொன்னார். ‘அஞ்சலை’ அவர் வாயில் வேறு ஏதோ ஊர்ப் பெண்ணாக இருந்தாள். சரியாக வரும்வரை விடவில்லை. நான் மறுபடி மறுபடி சொன்னேன். வீராயி. பொன்னுசாமி. சின்னப்பொண்ணு. தையல்நாயகி என்றபோது கோலை ஊன்றி நின்ற கலியமூர்த்தி, “எங்க அத்தை பேரு. எங்க குடும்பத்துல ஒண்ணு மாத்தி ஒண்ணு வெச்சுக்கினே வர்றோம்” என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். கடைசியில் காத்தவராயன். அப்புறம் பெயர் எழுதாத மூன்று பேர். “அவர்கள் மூன்று பேர்” என்றார் நீல்ஸ். எல்லோருக்கும் கடைசியில் ஆனே என்று அவரே சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் ஜெபத்தைத் தொடங்கினார். கிர்ஸ்டன் சேர்ந்துகொண்டார். பாதியில் வார்த்தை மறந்து அண்ணனின் குரலைப் பின்தொடர்ந்தார். ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று அப்பா தமிழில் ஆரம்பித்தார். அப்பாவோடு நானும் சொன்னேன். இரண்டு மொழியும் ஒரே சமயத்தில் முடியவில்லை. அவர்கள் முடித்த பிறகும் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். நெற்றியில் விபூதியோடு நின்ற மாமா எல்லாம் ஓய்ந்தபின் தனியாக, “ஆமென்” என்றார். நீல்ஸ் சிரித்தது கேட்டது. சாமந்திகளை அப்பா ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டார். நீரோட்டம் அவற்றை எடுத்துக்கொண்டு போகாமல் படகைச் சுற்றியே வைத்திருந்தது.

நீல்ஸ் அதற்குப் பிறகு ஆறு நாள் இருந்தார்.

அன்று கரையேறி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எங்கள் நான்கு பேருக்கும் எவ்வளவு அசதி என்று தெரிந்தது. கிர்ஸ்டன் பர்ஸைத் திறந்து, எல்லாச் செலவையும் தானே தருவதாகச் சொன்னார். மாமா பீடிக்கட்டு அட்டையில் கணக்கெழுதி வைத்திருந்தார். தகடு முதல் படகு வரை, பெட்ரோல், கேபிள், லாட்ஜ், சாப்பாடு, பூ, போன் எல்லாம் சேர்ந்து ஏழாயிரத்து நூற்று எழுபது. வண்டிக்கும் தனக்கும் அவர் ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லை.

“குடுக்கட்டும் மாமா, அவுங்களுக்கு அது பெரிய காசா?” என்று சேகர் மாமா அப்பாவிடம் சொன்னார்.

அப்பா அட்டையை வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். மூன்று நாள் லீவு போட்டதில் அவருக்குச் சம்பளம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். அந்த மாதம் வீட்டில் எவ்வளவு இருந்தது என்பதும் தெரியும்.

“அவுங்க வீட்டுச் சாவுக்கு மட்டுமா வந்தோம் மச்சான்?” என்றார். “நம்ம வீட்டுச் சாவும்தான். பங்காளிங்க எப்படிப் போடுவாங்களோ அப்படிப் போடு. ஆளுக்குப் பாதின்னு அவுங்ககிட்ட சொல்லு சாமு.”

சொன்னேன். கிர்ஸ்டன் வாதாடாமல் தன் பங்கு நோட்டுகளை எண்ணி வைத்தார். அப்பா என்னிடம் கொஞ்சம், மாமாவிடம் கொஞ்சம் வாங்கி, தன் பையில் இருந்ததையும் சேர்த்து அதன் பக்கத்தில் வைத்தார். எங்கள் பங்குக்கு மூவாயிரத்து ஐந்நூற்று எண்பத்தைந்து ரூபாய்.